குடில் புல்லும் எலி கடித்த டியூபும்

நவம்பர் 30, ஞாயிறு

இந்த நோட்டு ஜெனோவா கொடுத்தது. என் மனைவி லூர்தம்மாளுக்கு முழங்கால் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வருகிற பெண். "அங்கிள், ஆன்ட்டி தினமும் எத்தனை தப்படி நடந்தாங்க, முட்டி எவ்வளவு மடங்குச்சுன்னு எழுதி வைங்க" என்றாள். எழுதுகிறேன். நடந்தது: கட்டிலிலிருந்து குளியலறைக்கு நான்கு தப்படி, திரும்ப நான்கு. மடக்கியது: இல்லை. என்னைத் திட்டியது: ஆறு முறை. கடைசிக் கணக்கை ஜெனோவா கேட்கவில்லை, இருக்கட்டும்.

வலது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து முப்பத்து மூன்று நாள் ஆகிறது. இடதுக்கும் பிறகு செய்ய வேண்டும் என்றார் டாக்டர், அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நடந்தவள்தான். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் குளியலறை வாசலில் லேசாக வழுக்கினாள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கட்டிலே கதி.

காலைப் பூசையில் அறிவித்தார்கள், இந்த வருஷமும் வீட்டுக்கு வீடு குடில் போட்டி உண்டு. வந்து சொன்னேன். "இந்த வருஷம் குடிலும் வேண்டாம், கிடிலும் வேண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தாறு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு ஹாலில் பாதியை அடைத்து, பாலன் பிறந்த தொழுவம், இடையர், ஆடு, அதற்குப் புல் என்று குடில் கட்டுவாள். நான் ஒவ்வொரு வருஷமும் முணுமுணுப்பேன். இப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். மத்தியானம் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

எமல்டா டீச்சர் லூர்துவைப் பார்க்க ஆப்பிளோடு வந்தார். குடில் போட்டியில் வருஷா வருஷம் முதல் பரிசு அவருக்குத்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் குடிலில் வந்து நின்றது. "போன வருஷம் உங்க குடில்ல புல்லுக்கு மஞ்சக்காமாலல்லா வந்திருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். லூர்துவும் சிரித்தாள். அவர் போனபிறகு ஆப்பிளைத் தொடவில்லை.

டீச்சர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் பாளையங்கோட்டை ஃபிளாட்டின் ஹால் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தட்டில் முளைக்கப் போட்ட கேழ்வரகு வெளிச்சம் காணாமல் வெளிறிப்போய் வளர்ந்தது.

சாயங்காலம் மொபைலில் ஒருத்தன் செய்து காட்டினான். பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர், சர்க்கரை, ஆப்பத்துக்குப் போடுகிற ஈஸ்ட். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். அதை டியூப் வழியாகச் செடிக்கு அனுப்பினால் செடி தின்று கொழுக்கும். மேலே ஒரு டியூப்லைட் போட்டால் வெளிச்சமும் ஆச்சு. ஐ.டி.ஐ.யில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டர் வாத்தியாராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? லூர்துவிடம் சொன்னேன்.

"நமக்கே சோத்த ஒழுங்கா வடிக்கத் தெரியல. இவுக செடிக்குச் சோறு போடப் போறாகளாம்."

மூன்று நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு இது.

டிசம்பர் 3, புதன்

வண்ண மீன் கடையில் மெல்லிய டியூப் வாங்கினேன். அளக்காமல் கடைக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. லூர்துவின் கட்டிலிலிருந்து ஹால் ஜன்னல் வரை ஏழு மீட்டர் நாற்பது. எட்டு மீட்டர் வாங்கினேன். பாட்டிலை அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தால் படுத்தபடியே வேடிக்கை பார்க்கலாம். பொழுது போகும். பாவம், எவ்வளவு நேரம்தான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவினேன். ஒரு தட்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் கூடாரம். வாயு அதற்குள் போகும். இன்னொன்று சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க. மேலே ஒரு டியூப்லைட். பாட்டில் மூடியில் துளை போட்டு, டியூப் நுழைத்து, சுற்றிலும் எம்சீல் பசை வைத்து அடைத்தேன். நடுவில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு பாட்டில். அதில் குமிழி வந்தால் வாயு போகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'புளுக்'. லூர்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். 'புளுக்', 'புளுக்'. "நிமிஷத்துக்குப் பதினாலு" என்று அவளே எண்ணிச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு மணிக்கு ஜெனோவா வந்தாள், டாக்டரிடம் பேசிவிட்டு. வரும் 22ஆம் தேதி டாக்டர் பார்ப்பார். அதற்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, அவர்களே பிடித்து மடக்கிவிட வேண்டிவருமாம். இப்போது மடங்குவது ஐம்பது.

"மயக்க மருந்தா? நான் மாட்டேன். ஒரு தடவ கண்ண மூடினதே போதும். திரும்ப முழிப்பேனோ மாட்டேனோன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றாள் லூர்து. அப்படியானால் எழுந்து நட என்றால் அதற்கும் மாட்டாளாம்.

மாடிப்படி வரை ஜெனோவாவை வழியனுப்பப் போனேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அங்கிள், காப்பி கட்டிலுக்கு வருது, டிவி கட்டிலுக்கு வந்தாச்சு, இப்போ குமிழியும் வந்தாச்சு. எல்லாம் கட்டிலுக்கே வந்தா அவங்க எதுக்கு எந்திரிக்கணும்?" என்றாள்.

உள்ளே வந்ததும் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போகிற டியூபை ஒரு தடவை பார்த்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

டியூபை எலி கடித்துவிட்டது. எட்டு மீட்டரில் ஏழு மீட்டர் உதவாமல் போச்சு. மிஞ்சியது ஒரு மீட்டர். ஆகவே பாட்டிலை ஹால் ஜன்னலோரம், தட்டுப் பக்கத்திலேயே வைக்க வேண்டியதாகிவிட்டது. கட்டிலிலிருந்து இருபத்திரண்டு தப்படி. என்ன செய்வது.

நடந்தது: எட்டு.

டிசம்பர் 6, சனி

"பதினோரு வருஷமா இந்த வீட்ல இருக்கோம். ஒரு சுண்டெலியப் பாத்திருக்கீயளா?"

"மழைக்கு ஒதுங்க வந்திருக்கும்."

"மாடிக்கா?"

"படிதான் இருக்கே."

வேறு டியூப் வாங்கி வரச் சொன்னாள். கடை மூடிவிட்டது என்றேன். இன்று மூடியிருந்தால் நாளை வாங்குங்கள் என்றாள். நாளை ஞாயிறு என்றேன். "அப்ப கல்லுக்குள்ள இருக்கிற தேரைய மாதிரி நான் இங்கேயே கிடக்கேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ரசத்துக்குப் பூண்டு தட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூண்டுக்குக் கண் எரியாது என்பது எனக்கும் தெரியும்.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். புல் எட்டிப் பார்த்துவிட்டது! ஊசி முனை அளவு, வெள்ளையும் பச்சையுமாக. ஹாலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

"குமிழி எத்தன?" என்று கேட்டாள் உள்ளேயிருந்து.

"நாலு."

"நாலா? அன்னிக்குப் பதினாலு இருந்துச்சே. வெந்நிய ஊத்தி ஈஸ்ட அவிச்சுக் கொன்னுட்டீயளா?"

"இருக்கும். யாரு கண்டா."

பத்து நிமிஷம் கழித்து வாக்கரின் 'டொக் டொக்' கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் படுக்கையறை வாசல் வரை வந்தது, நின்றது, திரும்பிப் போனது.

நடந்தது: குளியலறை எட்டு, வாசல் வரை ஏழு, திரும்ப ஏழு. மொத்தம் இருபத்திரண்டு. டியூப் வாங்கப் போக நேரம் கிடைக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

வந்துவிட்டாள்.

காலையில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. திரும்பினால், ஹால் ஜன்னலோரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நெற்றியெல்லாம் வேர்வை. சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறாள், பாட்டிலைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது.

"பதினேழு!" என்றாள். "நாலாம், நாலு! உங்களுக்கு எண்ணத் தெரியாதா, இல்ல என்னக் கிறுக்கியாக்குதீயளா?"

"அப்ப கண்ணாடி போடாம எண்ணிருப்பேன்."

"இனிமே நானே வந்து எண்ணிக்கிடுதேன். நீங்க பேசாம மாவ ஆட்டுங்க."

நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அதில் உட்கார முட்டியை மடக்க வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெனோவா சாயங்காலம் அளந்தாள்: அறுபத்தெட்டு. எதையும் கேட்காமல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். உளுந்து அதிகமாகி ராத்திரி இட்லி அப்பளமாக வந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காலை, மாலை இரண்டு வேளையும் எண்ண வருகிறாள். மொத்தம் தொண்ணூற்றாறு தப்படி. இன்று குமிழி ஐந்தாகக் குறைந்துவிட்டது. சர்க்கரை தீர்ந்திருக்கும். டப்பாவைத் திறந்தால் அதிலும் சர்க்கரை இல்லை. மழை வேறு. அடுக்கில் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு முழு வட்டு இருந்தது. சர்க்கரையை விடக் கருப்பட்டியில்தானே சத்து அதிகம்? இரண்டையும் தட்டிப் போட்டேன். ஈஸ்டும் கொஞ்சம் தாராளமாக.

நாளை சாயங்காலம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கத்தோலிக்க வீட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிச் செபமாலை சொல்வது. லூர்து வெளியே வரமுடியாததால் இங்கே வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 13, சனி

சேசுவே, இதை எப்படி எழுதுவேன்.

ஐந்து மணிக்கு எல்லாரும் வந்தாயிற்று. ஹாலில் பாய் விரித்திருந்தேன். லூர்து படுக்கையறை வாசலில் நாற்காலியில், வாக்கர் பக்கத்தில். எமல்டா டீச்சர் சந்தன நிறப் பட்டுச் சேலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காற்று வருமாம். காலையில் குமிழி முப்பதுக்கு மேல் போனதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. கருப்பட்டி நுரை அழுக்கோடு பொங்கி டியூப் வாயை அடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. கூட்டம் தொடங்கும்போது குமிழி சுத்தமாக நின்றிருந்தது. செபத்துக்கு மரியாதை கொடுத்து அடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'டமார்'.

மூடி கூரையில் அடித்து என் மொட்டைத் தலையில் விழுந்தது. பழுப்பு நுரை நீரூற்றாகப் பீறிட்டது. டீச்சரின் பட்டுச் சேலை, பாய், சுவரில் இருந்த மாதா படத்தின் கண்ணாடி, ஒன்றும் தப்பவில்லை. அதெல்லாம் பரவாயில்லை. அந்த வாசனை! கருப்பட்டியும் ஈஸ்டும் முப்பது மணி நேரம் ஊறினால் வேறென்ன வரும், அசல் பனங்கள் வாசனை. செபமாலையைப் பிடித்த கையோடு பதினைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "சவேரிமுத்து அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே பனையேறுதீயளோ?"

"இல்ல டீச்சர்... புல்லுக்கு..."

"புல்லுக்குக் கள்ளு ஊத்துதீயளா?"

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. லூர்து. ஆபரேஷனுக்கு முந்தி கடைசியாகக் கேட்டது அந்தச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "ஐயோ டீச்சர், சேல... ஐயோ சேல" என்று சிரித்தபடி தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள், வந்தாள், டீச்சர் பக்கத்தில் நின்று முதுகைத் துடைத்துவிட்டாள். எல்லாரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. வாக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாற்காலி பக்கத்திலேயே நின்றிருந்தது.

சொன்னால் பயந்து உட்கார்ந்துவிடுவாள். துணியை எடுத்து மாதா படத்தைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பாய் துவைத்தேன். மறுபடியும் துவைத்தேன். மாடியில் காய்கிறது, தெருவே மணக்கிறது. மறுபடி சர்க்கரைக்கே திரும்பியாச்சு.

டிசம்பர் 16, செவ்வாய்

மடக்கியது: எண்பத்திரண்டு.

அரிசி வாங்கிக்கொண்டு திரும்பினால் லூர்து ஹாலில் குடில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பகீர் என்றது. "நான் எடுத்துத் தர மாட்டேனா? வைக்கோலக் கிளறாத, ஒரே தூசி" என்றேன்.

"சூசையப்பர் பொம்மைக்குக் கை உடைஞ்சிருக்கு, ஒட்டணும்" என்றாள். சாயங்காலம் வரை தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தாள். சூசையப்பருக்குக் கை உடைந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது?

குடில் வேண்டாம் என்றவள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அதை நானும் சுட்டிக்காட்டவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

வாயுத் தட்டில் புல் பதினெட்டு சென்டிமீட்டர், கரும்பச்சை. சும்மா விட்ட தட்டில் பதினாறு. லூர்துவிடம் மார்தட்டினேன்.

"அந்தத் தட்டு லைட்டுக்குப் பக்கத்துல இருக்குல்லா?"

"இருந்தா?"

"சரி, விடுங்க. ஆமா, நாலாந்தேதியே எந்தப் புத்திசாலி விதைப்பான்? குடிலுக்குப் பத்து நாள் புல்லு போதும். இதுல ஆட்டுக்குட்டிய வச்சா எங்க போய்த் தேடுவீய?"

வைத்துப் பார்த்தேன். ஆறு ஆடும் காணாமல் போய்விட்டன. இடையனின் தொப்பி மட்டும் தெரிந்தது.

"இத நீ அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"அன்னிக்குக் குடில் வேண்டாம்னுல்லா சொல்லிருந்தேன்" என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

நாளை டாக்டர். அவள் நூற்றைம்பது தப்படி நடந்தாள். குமிழியே இல்லாதபோதும் எண்ணப் போனாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மடங்காவிட்டால்? அவள் கையைப் பிடித்து ஆபரேஷன் அறை வாசல் வரை மறுபடியும் நான் நடக்க வேண்டுமா? அன்று அந்தக் கதவு சாத்தியபோது எனக்கு எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

நூற்றிரண்டு!

டாக்டர் இரண்டு முறை அளந்தார். "மயக்க மருந்தெல்லாம் தேவையே இல்லம்மா. என்ன பயிற்சி பண்ணுனீங்க?" என்று கேட்டார். "குமிழி எண்ணுனேன் டாக்டர்" என்றாள் லூர்து. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. குலுக்கல் அதிகமாக இருந்ததால் இருக்கலாம்.

டிசம்பர் 24, புதன்

காலையிலேயே தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நின்றபடியே புல்லுக்கு முடிவெட்டினாள். நான் தட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தேன். ஆறு ஆடும் கிடைத்தன. பதினொரு மணிக்குள் குடில் எழும்பிவிட்டது. ஹாலில் பாதி போச்சு. நான் முணுமுணுக்கவில்லை. "என்ன, உடம்புக்கு முடியலயா?" என்று கேட்டாள்.

முதல் பரிசு எமல்டா டீச்சருக்குத்தான். நடுவர்கள் எங்கள் வீட்டில் கூடுதல் நேரம் நின்றார்கள், ஆனால் அவர்கள் பார்த்தது குடிலை அல்ல, பாட்டிலை. டீச்சரே வந்து புல்லைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பச்ச. அடுத்த வருஷம் எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க அண்ணாச்சி. கருப்பட்டி போடாம" என்றார்.

நாளை காலைப் பூசைக்கு லூர்து வருகிறாள். மாடிப்படி இறங்கி, நடந்து.

டிசம்பர் 25, வியாழன்

இதை எழுதுவது லூர்தம்மாள்.

பூசை முடிந்து வந்தோம். கோயில் வாசலில் எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள், என் புதுச் சேலையை ஒருத்தரும் பார்க்கவில்லை. இவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். ஃபிரிட்ஜ் மேல் இந்த நோட்டு இருந்தது. எனக்கு எட்டாது என்று நினைத்து வைத்திருக்கிறார். எடுத்து, நின்றபடியே முழுவதும் படித்தேன்.

குடில் பெட்டியை நான் பதினாறாம் தேதி திறந்தபோது வைக்கோலுக்கு அடியில் டியூப் சுருட்டி வைத்திருந்தது. ஏழு மீட்டர். நுனியைப் பார்த்தேன். அவ்வளவு நேராக, ஒரு பிசிறு இல்லாமல், மூலைமட்டம் வைத்துக் கடிக்கிற எலி உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அது ஐ.டி.ஐ.யில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கும்.

முதலில் கோபம்தான் வந்தது. கட்டிலில் கிடக்கிறவளிடம் இப்படி ஒரு பொய்யா என்று. கோபத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். நான் கட்டிலில் இல்லை. ஹாலில், யார் துணையும் இல்லாமல், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டியூபை வைக்கோலுக்குள் திரும்ப வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் நடந்ததெல்லாம் தெரிந்தேதான் நடந்தேன்.

கேட்டுக்கொள்ளுங்கள். இடது முட்டிக்கு ஈஸ்டர் முடிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் நான் மெதுவாகச் சொல்லிவிட்டேன். நீங்கள் எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. அதுவரைக்கும் அந்த எலிக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு.